வீடு மகள் பேரில்

றிப்னாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று மருதமுனையில் அவளுடைய தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிச் சொல்கிற அதே ஆட்கள்தான் வீட்டில் பிள்ளை குட்டிக்கு ஏதும் ஒன்றென்றால் முதலில் வந்து அவளுடைய கேற்றைத் தட்டுவதும். அவள் நன்னடத்தை உத்தியோகத்தர். பெயரைக் கேட்டால் ஊர் ஆட்களின் ஒழுக்கத்துக்குப் புள்ளி போடுகிற வேலை மாதிரி இருக்கும். அதெல்லாம் இல்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, இருந்தும் பார்க்க ஆளில்லாத பிள்ளை, இப்படியொரு பிள்ளையின் விவகாரம் நீதிமன்றத்துக்கு வந்தால், இது யாரிடம் வளர்ந்தால் நல்லது என்று விசாரித்து நீதவானுக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. அபாயாவைச் சுருட்டி ஸ்கூட்டி இருக்கையில் அமுக்கிக்கொண்டு, பெரியநீலாவணைக்கும் ஒலுவிலுக்கும் இடையில் அவள் போகாத தெரு இல்லை.

இந்தக் கரையில் பெண் பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு வீட்டு யோசனை பிடித்துவிடும். கலியாணப் பேச்சுக்கு முதல் வீடு எழும்ப வேண்டும். வீட்டின் உரிமைப் பத்திரமான உறுதியை மகளின் பேரில் எழுத வேண்டும். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து அதில் குடியேறுவார். முஸ்லிம் ஆட்களிடமும் இதுதான், தமிழ் ஆட்களிடமும் இதுதான். பல்கலைக்கழகத்தில் படிக்கிற காலத்தில் தூர ஊர்க் கூட்டாளிகள் மாமியார் வீட்டுக் கொடுமைகளைச் சொல்லிப் பயந்தால் றிப்னாவுக்குச் சிரிப்பு வரும். "எங்கட ஊர்ல நாங்க மாமி வீட்டுக்குப் போறல்ல. மாப்புளதான் மாமி வீட்டுக்கு வாற" என்பாள். அவளுடைய புருசன் ஸப்ரி ஒருதரம் கோபித்துக்கொண்டு "நான் வீட்ட உட்டுப் போறன்" என்று வெளிக்கிட்டவர், கல்முனையில் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு, அவளுக்கும் ஒரு பார்சல் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். பாவம், வேறு எங்கே போவது? வீடு அவளுடையது. அந்தத் தைரியம் அவளுடைய நடையிலேயே தெரியும்.

அந்தத் தைரியம்தான் அவளை ஒரு இடத்தில் விழுத்தியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முந்தி நடைமுறை எப்படியென்றால், பாருங்கள், ஒரு பிள்ளையின் தலைவிதி நீதிமன்ற விறாந்தையிலேயே முடிவாகிவிடும். பள்ளிவாசல் கடிதம் ஒன்று, கிராம சேவகரின் கடிதம் ஒன்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிற சொந்தக்காரி ஒருத்தி. நீதவான் நிமிர்ந்து பார்த்து, "இவ பொறுப்பெடுப்பாவா?" என்று கேட்பார். நன்னடத்தை உத்தியோகத்தர் "ஓம் சேர்" என்பார். அவ்வளவுதான், பிள்ளை போய்விடும். சந்தையில் ஒரு கோழி வாங்குகிறவன்கூட இதைவிடக் கூட நேரம் யோசிப்பான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் றிப்னாவும் அப்படியொரு "ஓம் சேர்" சொன்னாள். தாயில்லாத பெண் பிள்ளை. கூட்டிக்கொண்டு போனவள் தூரத்து மாமி, நல்லவள்தான். ஆனால் இருந்தது புருசன் பிடித்த வாடகை வீட்டில். புருசனுக்கும் அவளுக்கும் பிசகியதும் அவன் இரண்டு பேரையும் தெருவில் விட்டான். மாமி போன இடத்தில் பிள்ளைக்கு இடமில்லை. கடைசியில் அந்தப் பிள்ளை கொழும்பில் யாரோ வீட்டில் சட்டி கழுவிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். கையில் சூட்டுத் தழும்பு. அதைப் பார்த்த அன்று றிப்னா வீட்டுக்கு வந்து உம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, தன் மகள் பார்க்கிறாளே என்றுகூட எண்ணாமல், குமுறிக் குமுறி அழுதாள்.

அதனால்தான் சிறுவர் வழக்குகளின் நடைமுறையை மாற்றப்போகிறார்கள், சில நீதிமன்றங்களில் முதலில் செய்து பார்க்கப்போகிறார்கள், கடற்கரைப் பக்கத்து நீதிமன்றம் ஒன்றும் அதில் இருக்கிறது என்று செய்தி வந்தபோது, அவளைப் பிடிக்க முடியவில்லை. ஊருக்குப் பொருத்தமான நிபந்தனைகளை ஊர் ஆட்களே சேர்க்கலாம் என்றார்கள். கூட்டம் போட்டார்கள். அவளுடைய மேலதிகாரி, பாண்டிருப்பு இளையதம்பி சேர் இருந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்து நம்பிக்கையாளர் ஒருவர், கோயில் தலைவர் ஒருவர், மாதர் சங்கத்துப் பெண்கள், கொழும்பிலிருந்து வந்த பெரிய அம்மணி ஒருவர். றிப்னா எழும்பினாள்.

"புள்ளயப் பொறுப்பெடுக்கிற பொம்புளைட பேர்ல வீட்டு உறுதி இரிக்கோணும். இத எழுத்தில போடுங்க. புருசன் கோவிச்சாலும் சரி, வாடகைக்காரன் கத்தினாலும் சரி, மறுகா ஒருத்தனும் அந்தப் புள்ளயத் தெருவில போடேலா."

மேசையைச் சுற்றி எல்லாத் தலையும் ஆடியது. கொழும்பு அம்மணிக்கு அதிசயம். வேறு மாவட்டத்தில் இப்படிக் கேட்டால் ஒரு பெண்ணும் மிஞ்சமாட்டாள், இங்கே எல்லாப் பெண்களுக்கும் வீடு இருக்கிறதே என்று புகழ்ந்து தள்ளினார். றிப்னாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளுடைய வசனம் ஒரு எழுத்தும் மாறாமல் நிபந்தனையில் ஏறியது.

புது நடைமுறை வந்தது. செலவும் கூடவே வந்தது. பழைய பைல்கள் புழுதி பிடித்துக் கிடந்த அறையைத் துப்புரவாக்கி, பிள்ளைகளுக்கென்று நிறம் பூசி, சுவரில் யானையும் பூவும் கீறினார்கள். "யானைக்கு ரெண்டு தும்பிக்கை கீறியிருக்கான். ரெண்டுக்கும் சேத்துத்தான் பில் வந்திருக்கு" என்றார் இளையதம்பி. பிள்ளைக்கென்று தனியாக ஒரு சட்டத்தரணி, அவர் மட்டக்களப்பிலிருந்து குறித்த நாளில் வர வேண்டும். வீடு பார்க்கிற அதிகாரி உள்ளூர் ஆளாக இருந்தால் தயவு தாட்சண்யம் பார்ப்பார் என்று வேறு மாவட்டத்திலிருந்து ஒருவர். அவருக்கு வாகனம். தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர். இதில் ஒருவர் வராவிட்டாலும் வழக்கு அடுத்த தவணைக்குத் தள்ளிப்போகும். அதுவரை பிள்ளை அரசாங்கச் செலவில் சிறுவர் இல்லத்தில் இருக்கும்.

ஊருக்குக் கதைக்க ஒன்று கிடைத்துவிட்டது. கல்முனைச் சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் றிப்னாவைக் கண்டதும், "அரிசி விலை போற போக்கில, கள்ளன்ட புள்ளைக்கு லோயர் வச்சுக் குடுக்கிறீங்களாமே மிஸ், எங்கட காசில?" என்று கேட்டார்.

"ஓம், உங்கட காசுதான். கள்ளன்ட புள்ள கள்ளன் இல்லையே காக்கா" என்றாள் அவள். "நீங்க மீன ஒழுங்கா வெட்டுங்க, செதில் கிடக்கு."

சும்மா வாய்க்காகச் சொன்னதில்லை அது. அந்த அறை திறந்த கொஞ்ச நாளிலேயே ஒரு பெண் பிள்ளை, இரண்டு தும்பிக்கை யானையைப் பார்த்துக்கொண்டே, தன்னைக் கூட்டிப்போக வந்திருந்த மாமாவைப் பற்றிச் சட்டத்தரணியின் காதில் ஒரு விசயம் சொன்னாள். விறாந்தைக் காலமாக இருந்தால் அந்த மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டே போயிருப்பாள். "பெயின்ட் காசு இண்டைக்கே திரும்பி வந்துட்டு சேர்" என்றாள் றிப்னா. இளையதம்பி அன்று பகிடி ஒன்றும் விடவில்லை. ஆகையால் புது நடைமுறை மோசம் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி யாரும் நினைத்துவிட வேண்டாம்.

சபூறா வந்தது அதற்குப் பிறகு.

சாய்ந்தமருது சபூறா, ஐம்பதைத் தாண்டிய பெண். புருசன் கச்சிமுகம்மது சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்கிறவர். அவளுடைய கடைசித் தங்கச்சி டெங்குக் காய்ச்சலில் மௌத்தானாள். அந்தத் தங்கச்சிக்குக் கொடுக்கவென்று எழுப்பிய வீடு அத்திவாரத்தோடு நின்றுவிட்டதால் அவள் வாடகை வீட்டில்தான் இருந்தாள். அவளுடைய புருசன் ஐஸ் என்கிற போதைத் தூளில் விழுந்து, பொலிஸ் அவனை அள்ளிக்கொண்டு போனபோது, உள்ளே அவர்களுடைய நாலு வயது மகள் பாஹிமா தனியாக இருந்தாள். பக்கத்துச் சிறுவர் இல்லங்களில் இடமில்லை. அம்பாறையையும் தாண்டி ஒரு சிங்கள ஊரில் இருந்த இல்லத்தில்தான் கட்டில் கிடைத்தது.

சபூறா அடுத்த நாளே ஒபிசுக்கு வந்துவிட்டாள். கையில் சாப்பாட்டுப் பெட்டி. புட்டும் நெத்தலிப் பொரியலும். பிள்ளை அங்கே இருப்பாள், ஊட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று வந்தவள்.

"இண்டைக்கே தாங்க மிஸ். தங்கச்சிட புள்ள என்ட புள்ளதானே. இதுக்கு என்னத்துக்கு வழக்கு?"

"அப்பிடி உடனே தரேலா ராத்தா. முந்தி அப்பிடித் தந்துதான் நாசமாப் போன. வீடு பாப்பாங்க, புள்ளையோட தனியக் கதைப்பாங்க, மறுகா தருவாங்க. ரெண்டு தவணையில முடிஞ்சிரும். நான் பொறுப்பு."

நான் பொறுப்பு என்று ஒரு அரசாங்க உத்தியோகத்தர் சொல்லலாமா? சொல்லக் கூடாது. ஆனால் றிப்னாவுக்குச் சபூறாவின் வீடு தெரியும். நாலு அறை, மாபிள் பதித்த வீடு, முன்னால் மாமரம். இதில் என்ன தடை வரப்போகிறது என்று நினைத்துவிட்டாள். பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல் சபூறா அந்தப் புட்டை ஒபிசில் இருந்தவர்களுக்கே வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் தவணை வாகனம் இல்லாமல் தள்ளிப் போனது. இரண்டாவது, சட்டத்தரணிக்குச் சுகமில்லை. நோன்பு தொடங்கி, பெருநாளும் வந்தது. பார்க்க விடுகிற நாட்களில் சபூறா பஸ் ஏறி, வயல் வெளியெல்லாம் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முதல் தரம் பாஹிமா அவளுடைய முந்தானைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, "பெரியம்மா, ஊட்ட போவம், ஊட்ட போவம்" என்று கத்திய கத்தில் இல்லத்து மேட்ரனும் அழுதாளாம். மேட்ரன் சிங்களப் பெண், தங்கமான மனுசி. அதைச் சபூறாவே சொல்வாள்.

மூன்றாவது தவணையில் எல்லாரும் வந்திருந்தார்கள். வீடு பார்த்த அதிகாரியின் அறிக்கையை நீதவான் வாசித்தார். விண்ணப்பதாரியின் பேரில் வீடு எதுவும் இல்லை. மகளின் வீட்டில், பின்பக்கத்து அறையொன்றில், மகளின் விருப்பத்தின் பேரில் தங்கியிருக்கிறார். நிபந்தனையின்படி பொருத்தமற்றவர்.

சபூறாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழும்பிவிட்டாள். "எனக்கு ஊடு இல்லையா? ஆர் சேர் சொன்ன? நானும் என்ட மனுசனும் வயல் வட்டையில கிடந்து உழைச்சுக் கட்டின ஊடு! வந்தவருக்கு நான்தானே தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன், அந்த ஊட்ட வச்சுத்தானே குடுத்தன்!"

"உறுதி யாருடைய பேரில் அம்மா?"

"மகள்ட பேர்ல. மகளுக்குக் குடுத்தாச்சிதானே."

"அப்போ உங்களுக்கு வீடு இல்லை" என்றார் நீதவான். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. வேறு பொருத்தமான ஆள் இருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லி இன்னொரு தவணை போட்டார். சபூறாவின் மகளைப் பொறுப்பெடுக்க வைக்கலாமென்றால், அவளுக்குப் போன மாதம்தான் பிள்ளை பிறந்திருந்தது. கைக்குழந்தைக்காரியை ஏற்கமாட்டோம் என்று வேறொரு நிபந்தனை.

விறாந்தையில் றிப்னா பொரிந்து தள்ளினாள். "எங்கேயோ இருந்து வந்த ஆளுக்கு எங்கட வழக்கம் என்ன தெரியும் சேர்? பின்னால இருந்தா வீடில்லாத ஆளா? விசர்க் கதை!"

இளையதம்பி பைலைத் திறந்து நிபந்தனைப் பக்கத்தை அவளிடம் நீட்டினார். "அந்தாள ஏசாத பிள்ள. அந்தாள் இதப் பாத்துத்தான் எழுதியிருக்கான். இது யார்ட வசனம்?"

அவள் வாசித்தாள். வாயடைத்துப் போனாள். அந்த வாய் அடைத்ததை இளையதம்பி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தாள். பின்பக்கத்து அறையில் அவளுடைய உம்மா, ஆயிஷா உம்மா, றிப்னாவின் மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். தினமும் நடக்கிற காரியம்தான். காலையில் அவள் ஸ்கூட்டியை எடுத்தால் பிள்ளைக்கு எல்லாம் உம்மாதான். குளிப்பாட்டுவது, குர்ஆன் மதரசாவுக்கு விடுவது, காய்ச்சலென்றால் மடியில் போட்டுக்கொண்டிருப்பது. றிப்னா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உம்மா, உங்களுக்கு ஊடு இரிக்கா?"

"இது என்ன கேள்வி? இந்தா இரிக்கே."

"இது என்ட பேர்லதானே."

"ஓம், உன்ட பேர்லதான். நான்தானே எழுதித் தந்த." உம்மா ஒரு பிடி சோற்றை உருட்டிக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கென்ன இப்ப? உன்ட ஊடு எண்டா என்ட ஊடுதானே?"

பாருங்கள், இங்கேதான் இருக்கிறது விசயம். மகளின் பேரில் எழுதிவிட்டால் வீடு கையை விட்டுப் போய்விட்டது என்று இந்தக் கரையில் எந்தத் தாயும் நினைப்பதில்லை. நினைத்தால் யார் எழுதிக் கொடுப்பார்கள்? முன் அறையிலிருந்து பின் அறைக்கு மாறுவார்கள், அவ்வளவுதான். அதனால்தான் அந்த மேசையைச் சுற்றி இருந்த ஒருவருக்கும் அது தட்டுப்படவில்லை. வீடு கையில் இருக்கிற பெண்கள் எல்லாரும் வேலையும் கைக்குழந்தையுமாக ஓடித் திரிகிற வயதுக்காரிகள். இன்னொருத்தியின் பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ள நேரமும் மனமும் உள்ள பெரியம்மாமார், மாமிமார் எல்லாரும் உறுதியில் பெயர் இல்லாதவர்கள். றிப்னாவின் ஒரு வசனம் இவ்வளவு பேரையும் ஒரேயடியாக வெளியே தள்ளிவிட்டது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. தன்னுடைய மகளையே வளர்க்கத் தகுதியில்லை என்று தான் எழுத்தில் கொடுத்திருக்கிற மனுசிதான் பக்கத்தில் வந்து, "என்னகா, வயிறு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

அடுத்த முறை சபூறாவோடு றிப்னாவும் இல்லத்துக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவளால் இருக்க முடியவில்லை. பாஹிமா ஓடி வரவில்லை. கொஞ்சம் வளர்ந்திருந்தாள், கன்னம் சதை வைத்திருந்தது, சட்டை சுத்தமாக இருந்தது. மேட்ரனின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மகள், சாப்பிட்டயா?" என்று கேட்டாள் சபூறா.

"ஒவ்" என்றாள் பிள்ளை.

ஓம் என்று சொல்லவில்லை. சிங்களத்தில் ஆமென்று சொல்கிறாள். சபூறா இன்னும் இரண்டு மூன்று கேட்டாள். பிள்ளைக்கு எல்லாம் விளங்கியதா, விளங்கவில்லையா தெரியாது, எல்லாவற்றுக்கும் ஒவ் அல்லது தலையாட்டு. பிறகு மேட்ரனைப் பார்த்து "அம்மே" என்று கூப்பிட்டு, காதுக்குள் ஏதோ சொன்னாள். மேட்ரனுக்குச் சங்கடமாகப் போய், பிள்ளையை முன்னுக்குத் தள்ளித் தள்ளி விட்டாள். அவள் என்ன செய்வாள்? அணைக்காமல் வளர்க்க ஏலுமா?

திரும்பி வருகையில் பஸ் சம்மாந்துறை தாண்டியதும் சபூறா றிப்னாவின் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், நீங்க நல்லத்துக்குத்தான் செய்ற, எனக்குத் தெரியும். ஆனா இன்னும் கொஞ்ச நாள் போனா, என்ட தங்கச்சிட புள்ளையோட கதைக்கிறதுக்கு நான் ஒரு ஆள் புடிக்க வேண்டி வருமோ?"



அடுத்த கிழமையே றிப்னா அந்த வசனத்தை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். இளையதம்பி வாங்கி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு வசனம்தானே எண்டு நினைக்கிறாய். நிபந்தனைய மாத்தினா மூண்டு மொழியில புதுசா அச்சடிக்கணும். பாத்த வீடெல்லாம் திரும்பப் பாக்கணும். திரும்ப வாகனம், திரும்ப ஆள். ஆரம்பிச்ச உடனேயே மாத்துறீங்களே, யார் செய்த பிழை எண்டு மேல கேப்பாங்க. என்ன சொல்லப் போறாய்?"

"நான் செய்த பிழை எண்டு சொல்லுவன்."

"உனக்குப் பதவி உயர்வு வாற வருசம் பிள்ள."

"தெரியும் சேர்."

கூட்டம் கூடியது. அதே மேசை, அதே ஆட்கள், அதே கொழும்பு அம்மணி. அவருக்கு எரிச்சல். "நீங்கள்தானே இதைப் போடச் சொன்னீர்கள்? நாங்கள் எல்லா இடத்திலும் உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொன்னோம். இப்போது திரும்பவும் எல்லாப் பைலையும் திறப்பதென்றால் அந்தச் செலவு யாருடைய தலையில்?"

"ஊர் ஆக்கள்ட தலையிலதான் மிஸ்" என்றாள் றிப்னா. வாய் திரும்பி வந்துவிட்டது. "மாத்தாட்டியும் அவங்கட தலையிலதான். பெரியம்மா ஊட்டில சும்மா வளரவேண்டிய புள்ளைகள் இல்லத்தில இரிக்கி. அதுக்குச் சோறு, கட்டில், ஆள் எல்லாம் அரசாங்கம்தானே குடுக்கிற? அதயாவது கணக்கில போடலாம். ஒரு புள்ள தன்ட கதைய மறந்துபோறத எந்தக் கணக்கில போடுற எண்டு எனக்குத் தெரியா. பிழை என்ட. வாடகை வீட்டில ஒரு புள்ள சீரழிஞ்சத என்ட கண்ணால கண்டன், அந்தப் பயத்தில எழுதினன். யோசிக்காம எழுதினன். என்ட உம்மாக்கே ஊடு இல்ல. எனக்கு இத்தன நாளும் அது தெரியா."

இளையதம்பிதான் முதலில் வாயைத் திறந்தார். "என்ட மனுசிக்கும் இல்ல. நாங்க இப்ப மகள் நிலாந்தினிட வீட்டிலதான்." நம்பிக்கையாளர் தாடியைத் தடவிக்கொண்டு, "எங்கட ஊட்டையும் எழுதிக் குடுத்தாச்சி" என்றார். கோயில் தலைவர் கையைத் தூக்கினார். மாதர் சங்கத்து மூத்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அல்லாஹ்வே, இந்த மேசையில வீடுள்ள ஆள் ஆர்தான் இரிக்கிற?" என்றாள். அதற்குப் பிறகு எல்லாரும் சிரித்தார்கள், கொழும்பு அம்மணியும் சேர்ந்து. சிரித்தாலும் அவர் மாற்றத்தின் செலவை மாற்றத்தைக் கேட்டவளின் பெயரோடுதான் எழுதிக்கொண்டு போனார்.

வசனம் மாறியது. வீட்டுக்காரி மகளாக இருந்தால், தாயும் அவள் பொறுப்பெடுக்கிற பிள்ளையும் இங்கேயே இருக்கலாம் என்று மகள் நீதிமன்றத்தில் வந்து சொன்னால் போதும் என்றாயிற்று. சபூறாவின் மகள் கைக்குழந்தையோடு வந்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் மாற்றம் மேலே போய்க் கீழே வர, வீடுகளைத் திரும்பப் பார்க்க, இன்னுமொரு நோன்பும் முடிந்துவிட்டது. றிப்னாவுக்கு அந்த வருசம் பதவி உயர்வு வரவில்லை. ஏனென்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கடைசித் தவணை. நிறம் பூசிய அறையில் பாஹிமாவை இருத்தி, சட்டத்தரணி பக்கத்தில் குந்தி, தமிழில் கேட்டார். பெரியம்மாவோடு போக விருப்பமா? பிள்ளை யானையைப் பார்த்தது. திரும்பக் கேட்டார். பிள்ளை மெதுவாகச் சிங்களத்தில் ஏதோ சொன்னது. சட்டத்தரணிக்கு அவ்வளவு சிங்களம் வராது. சபூறாவுக்குச் சந்தைச் சிங்களம்தான். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார்கள். சிங்கள அதிகாரிகளுக்கென்று வைத்திருந்த ஆள், தினேஸ் என்று ஒரு தம்பி. வந்து பிள்ளையின் வாயருகில் காதை வைத்தார்.

"போறதுக்கு விருப்பமாம். ஆனா அம்மேயும் வருவாவா எண்டு கேக்கிறா" என்றார். சொல்லிவிட்டு யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

மேட்ரன் கதவடியில் நின்றாள். அம்மே என்ற சொல் காதில் விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். சட்டத்தரணி பேனையை எடுத்தார், வைத்தார். ஒரு தாயை இழந்த பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று இவ்வளவு பேர் கூடி, இவ்வளவு செலவு செய்து, இன்னொரு தாயைத் தேடிக் கொடுத்து, இப்போது அவளையும் பிரிக்கிறோமே என்று றிப்னா நினைத்தாள்.

சபூறா மட்டும் தயங்கவில்லை. பிள்ளைக்கு முன்னால் நிலத்தில் சப்பணம் கட்டி இருந்துகொண்டு தினேஸை அண்ணாந்து பார்த்தாள்.

"ஓம் எண்டு சொல்லுங்க தம்பி. அவவும் எந்த நேரமும் வரலாம், வந்து எத்தன நாளும் நிக்கலாம். பின்னுக்கு இடம் இரிக்கி எண்டு சொல்லுங்க."

தினேஸ் சொன்னார். பிள்ளைக்கு ஒருதரம், மேட்ரனுக்கு ஒருதரம்.

எல்லாம் முடிந்து, பாஹிமா ஒரு கையில் சபூறாவையும் மறு கையில் மேட்ரனையும் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் மேட்ரனும் போனாள். றிப்னா பார்த்துக்கொண்டு நின்றபோது தினேஸ் தன் கொடுப்பனவுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். அரசாங்கக் காசு, நன்னடத்தை உத்தியோகத்தர் கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும்.

"ஆருக்கும் ஆருக்கும் இடையில மொழிபெயர்த்த எண்டு நீங்கதான் நிரப்போணும் மிஸ்."

அவள் தாளைச் சுவரில் வைத்து எழுதினாள். பெரியம்மாவுக்கும் பிள்ளைக்கும். எழுதிவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள்.